கண்டிக் கலவரமும் பத்திரிகைகளின் சாட்சியமும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருப்பதை வாசக அன்பர்களிற் பலர் அறிவர். வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பெற்ற அத்தோட்டத்தை இன்று தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. உள்ளே கிடக்கும் கற்பலகைகளில், இங்கு வந்து மாண்ட கும்பினி அலுவலர்களின் பெயரும் பதவியும் இறந்த நாளும் அழகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. 1613ஆம் ஆண்டில் எழுந்த கெல்டிரியாக் கோட்டையிலிருந்து வணிகம் நடத்திய அதே கும்பினியார், துணிமூட்டைகளோடு மனிதரையும் கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு அனுப்பினர். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து இவ்வாறு அடிமைகளாய்ப் போனவர்கள் ஆயிரக்கணக்கினர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. கும்பினியின் சரக்குக் கணக்கில் மட்டும் தொகையாக நிற்கின்றனர். ஏரி நடுவே உள்ள பசியாவரம் முதலிய மீனவச் சிற்றூர்களில் புயலைப் பற்றியும் முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகளைப் பற்றியும் முதியவர்கள் எத்தனையோ கதை சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அடிமைக் கப்பல்களைப் பற்றி ஒரு கதையும் நாம் கேட்டதில்லை.

கொடுமை செய்தவனே கணக்கும் எழுதினால், பட்டவன் சரக்காகிவிடுகிறான். அச்சுக்கூடம் வருமுன் இருந்த நிலை இது. அச்சுக்கூடமும் நாளேடும் வந்த பின்னர் இந்நிலை மாறிற்றா என்பதே நம் வினா. இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இக்கரையிலிருந்து சபர் போன நம் முன்னோர் கடை வைத்து வாழ்ந்த இலங்கையிலே, 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஓர் இனக்கலவரம் மூண்டது. அதற்கு முன்னரும் பின்னரும் ஏடுகள் என்ன எழுதின, எழுதியதனால் எது மாறிற்று, எது மாறாது நின்றது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஹதீஸ் முன்வைக்கப்பட்டால், அதன் மத்னாகிய வாசகத்தைப் பார்க்குமுன் இஸ்னாதாகிய அறிவிப்பாளர் தொடரைப் பார்ப்பார்கள். சொன்னவர் யார், அவர் நேரில் கேட்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, சொல்வதில் அவருக்கு ஆதாயம் ஏதும் உண்டா, அவருடைய நினைவு எத்தகையது என்றெல்லாம் ஆராய்வதற்கென்றே ஜர்ஹு வ தஃதீல் என்னும் தனிக்கலையை முஹத்திஸ்கள் வளர்த்தார்கள். நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியாமல் ஒரு கூட்டத்தார்மீது பாய்ந்துவிடலாகாது என்று ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதையும் நாம் அறிவோம். இந்த உரைகல்லைப் பத்திரிகைச் செய்திக்கும் வைத்துப் பார்ப்பதில் பிழையில்லை. அத்துடன் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பேச வேண்டியவர்களில் எவருக்குப் பேச ஏடு இல்லாமற் போயிற்று?

இலங்கையில் வாழ்ந்த முஸ்லிம்கள் அந்நாளில் இரு பிரிவினராக எண்ணப்பட்டனர். பல நூற்றாண்டுகளாக அத்தீவிலேயே குடியிருந்தவர்கள் இலங்கைச் சோனகர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலான நம் கரையூர்களிலிருந்து போய், சில ஆண்டுகள் கடை நடத்தி, பணம் சேர்த்து ஊர் திரும்புகிறவர்கள் கரையோரச் சோனகர். சிங்களவர் இவர்களை ஹம்பயா என்று அழைத்தனர். மலைநாட்டுச் சிற்றூர்களில் அரிசி, பருப்பு, கருவாடு, துணி விற்கும் சில்லறைக் கடைகள் பெரும்பாலும் இவர்கள் கையில் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கும் குடியானவனுக்கும் கடன் கொடுத்தவர்களும் இவர்களே. அந்த வணிகத்தில் புகுந்து முன்னேற முயன்ற சிங்கள வணிகர்களுக்கு இவர்கள் போட்டியாயினர். 1914இல் உலகப்போர் மூண்டதும் பொருள்களின் விலை ஏறிற்று, கடன் சுருங்கிற்று. விலை ஏற்றியவன் யார் என்று மக்கள் தேடியபோது, கண்ணெதிரே இருந்தவன் கடைக்காரன்தான். போரையும் கப்பற் கட்டணத்தையும் எவரும் கண்ணால் காண்பதில்லை அல்லவா?

இந்தப் பொருளாதார மனக்கசப்புக்குச் சமயச் சாயம் பூசிக் கொடுத்தது கம்பளை வழக்கு. கம்பளையில் கரையோரச் சோனகர் எழுப்பிய பள்ளிவாசலுக்கு முன்னே, வலஹகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் மேளம் நிறுத்தாமல் செல்லலாமா என்பது பிரச்சினை. 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையில் பௌத்த சமயத்துக்குப் பாதுகாப்பளித்த ஐந்தாம் பிரிவைக் காட்டித் தேவாலயத்தார் வழக்குத் தொடுத்தனர். மாவட்ட நீதிபதி பால் பீரிஸ் 1914 ஜூன் மாதத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் 1915 பிப்ரவரியில் அதனை மாற்றிற்று. பழைய இலங்கைச் சோனகர் தலைமுறை தலைமுறையாகப் பெரஹராவோடு வாழ்ந்து வந்தவர்கள். மேளத்தை நிறுத்தியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் புதிதாக வந்து குடியேறியவர்களிடமிருந்தே பெரிதும் எழுந்தது. இதனை நம்மவர்கள் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வழக்காடி வென்றவனுடைய கடையைக் கொளுத்துவதற்கு அது நியாயமாகாது.

தீ எங்கோ தற்செயலாகப் பற்றியது என்று நினைப்பவர்கள், அதற்கு முந்திய பத்தாண்டுகளின் சிங்கள ஏடுகளைக் கருத வேண்டும். அநகாரிக தர்மபாலர் 1906இல் சிங்கள பௌத்தயா என்னும் ஏட்டைத் தொடங்கினார். பியதாச சிறிசேன சிங்கள ஜாதிய என்னும் ஏட்டை நடத்தி, நாவல்களும் எழுதிப் பெரும்புகழ் பெற்றிருந்தார். இவர்களுடைய நோக்கங்களில் மதுவிலக்கு, தாய்மொழிப் பற்று, உள்நாட்டுத் தொழில் முதலிய நல்லனவும் கலந்திருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நல்லனவற்றுக்கு இடையிலேயே, கரையோரத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகன் அந்நியன், சூதாகப் பொருள் திரட்டுபவன், மண்ணின் மைந்தனை ஏமாற்றுபவன் என்னும் சொல் வாரந்தோறும் ஊட்டப்பட்டது. லக்மின என்னும் ஏடு இவர்களை நாட்டைவிட்டே அனுப்ப வழிகாண வேண்டும் என்ற அளவுக்குப் போயிற்று. ஐரோப்பாவில் யூதரைப்பற்றிச் சொல்லப்பட்ட வசைகளே பெயர் மாற்றி இங்கே சோனகர்மீது வீசப்பட்டன. ஒரு மனிதனை அண்டைவீட்டான் என்ற நிலையிலிருந்து அந்நியன் என்ற நிலைக்கு நகர்த்துவதுதான் கடினமான வேலை. அந்த வேலையை ஏடுகள் முன்னரே செய்து முடித்திருந்தன. கல்லெடுத்தவனுக்கு மிகுந்திருந்தது சிறிதே.

அவ்வாண்டுகளில் முஸ்லிம்களுக்கு ஏடு இல்லாமலா இருந்தது? கண்டியிலிருந்து அறிஞர் சித்தி லெப்பை 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசன், தமிழில் முஸ்லிம்கள் நடத்திய முன்னோடி இதழ்களில் ஒன்று. அசன்பே சரித்திரம் என்னும் நாவலைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆசியக் கழகத்தில் கட்டுரை வாசித்தபோது அதனை எதிர்த்தெழுதும் ஆற்றல் அந்த இதழுக்கு இருந்தது. அக்கட்டுரை வெறும் ஆராய்ச்சி அன்று. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில் அது வாசிக்கப்பட்டது. பின்னர் 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். ஆனால் முஸ்லிம் நேசன் நின்று நெடுங்காலமாயிற்று. சித்தி லெப்பை 1898இல் மறைந்தார். அப்துல் அஸீஸும் கலவரம் நிகழ்ந்த அதே 1915இல் மறைந்தார். புயல் வந்த நேரத்தில் தோணியில் துடுப்புப் போடத் தெரிந்தவன் இல்லாத நிலை அது.

1915 மே 28, ஹிஜ்ரி 1333 ரஜப் மாதத்து நிறைநிலவு நாள். பௌத்தர்களுக்கு வெசாக் பெருநாள். அன்று வெள்ளிக்கிழமையுமாக இருந்தது. இரவு கண்டி நகரில் காசில் ஹில் தெருப் பள்ளிவாசலுக்கு முன்னே பக்திப்பாடல் வண்டிகள் வந்தபோது கைகலப்பு மூண்டது. மறுநாளே கடைகள் உடைக்கப்பட்டன. பின்னர்க் கலவரம் ரயில் பாதையையே வழியாகக் கொண்டு, நிலையம் நிலையமாக இறங்கி, மே முடியுமுன் கொழும்பை அடைந்தது. கொழும்பில் ரயில்வே தொழிலாளரும் அதிற் கலந்துகொண்டனர்.

வதந்தி எப்படிப் பயணம் செய்யும் என்பதை ஏரிக்கரையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரு ஊர்களுக்கிடையே பாட்டுரிமைத் தகராறு வந்து, ஒருவனுடைய வலை அறுபட்டால், ஓடம் இக்கரை சேர்வதற்குள் வலை அறுபட்டது ஆள் வெட்டுப்பட்டதாக மாறிவிடும். அடுத்த ஊரில் அது இரண்டு பேராகும். பெரியவர்கள் இருபுறமும் கூடி நேரில் பார்த்தவனை வரவழைத்து விசாரித்தால் மாலைக்குள் அடங்கும். 1915இல் இலங்கையில் அவ்வாறு கூட்டிவைத்து விசாரிக்கப் பெரியவர்கள் முன்வரவில்லை. வந்த இடங்களிலோ, சிங்கள அயலார் முஸ்லிம் குடும்பங்களைத் தம் வீட்டிலும் விகாரைகளிலும் மறைத்துக் காத்த நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றையும் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

ஒன்பது நாட்களுக்குள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமடைந்தன. கலவரக்காரர் கையால் மாண்ட முஸ்லிம்கள் 25 பேர் என்பாரும் 35 பேர் என்பாரும் உண்டு. காயமுற்றோர் இருநூறுக்கு அண்மையர். பெண்கள் மானபங்கம் செய்யப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது. கரையூர்களிலிருந்து பத்து, இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த முதல் ஒரு இரவில் சாம்பலாயிற்று. அக்கணக்கில் அடகுவைத்த நகை எத்தனை, நின்றுபோன நிக்காஹ் எத்தனை என்று எந்த அலுவலரும் எழுதி வைக்கவில்லை.

இதற்குப்பின் நடந்ததுதான் நம் கட்டுரையின் முடிச்சு. ஜூன் 2ஆம் நாள் ஆளுநர் சர் ராபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பாலி மொழியில் புலமை மிக்கவரும் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவருமான ஒருவர், பௌத்த மக்கள்மீது இராணுவச் சட்டத்தை ஏவினார் என்பது விந்தையே. ஆகஸ்ட் இறுதிவரை நீடித்த அந்த ஆட்சியில் படையினரும் தன்னார்வக் காவலரும் பலரைச் சுட்டுக் கொன்றனர். கலவரத்தில் பங்கில்லாதவர்களும் அதில் மாண்டனர். ஜெர்மனியின் தூண்டுதலால் எழுந்த இராஜத் துரோகம் இது என்று ஆட்சியாளர் கருதினர். டி. எஸ். சேனநாயக்கா, எஃப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகா முதலிய தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். செல்வக் குடும்பத்து இளைஞரும் கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியுமான ஹென்றி பேதிரிஸ், ஜூலை 7ஆம் நாள் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கள பௌத்தயாவும் சிங்கள ஜாதியவும் தடைசெய்யப்பட்டன. கல்கத்தாவில் இருந்த தர்மபாலர் அங்கேயே காவலில் வைக்கப்பட்டார்.

ஆக, சில வாரங்களுக்குள் இரண்டு அநீதிகள் நடந்தேறின. முதலாவது, கூட்டம் முஸ்லிம்களுக்கு இழைத்தது. இரண்டாவது, அரசு சிங்களவர்களுக்கு இழைத்தது. இரண்டாவது அநீதிக்கு எழுத்தாளர்கள் கிடைத்தார்கள். இராமநாதன் சட்டசபையில் முழங்கினார். போர்க்காலக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று வாதாடினார். இலங்கைக் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றிய அவருடைய நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது. சிலோன் மார்னிங் லீடர் நாளேட்டின் ஆசிரியர் ஆர்மண்ட் டி சூசா, இராணுவச் சட்டத்தின் நூறு நாட்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா, கண்டவுடன் சுடுமாறு பிறப்பித்த இரகசிய ஆணையின் படியொன்றைத் தம் காலணிக்குள் மறைத்து இங்கிலாந்து கொண்டு சென்றார் என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த கதை. பலன் உடனே தெரிந்தது. ஆளுநர் சால்மர்ஸ் அவ்வாண்டு முடிவதற்குள் திரும்ப அழைக்கப்பட்டார். நாடு திரும்பிய இராமநாதனைக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே வண்டியிழுத்து அழைத்துச் சென்றார்கள் என்பர். 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலம். சிறையிலிருந்து வந்த டி. எஸ். சேனநாயக்கா பிற்காலத்தில் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமரானார். எழுதுகோலால் சமுதாயம் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாறியது எது என்று சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். முதலாவது அநீதிக்கு அத்தகைய புத்தகமும் எழவில்லை, இலண்டன் பயணமும் நிகழவில்லை. இராமநாதன் பொய்யுரைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் காட்டிய கொடுமைகள் உண்மையானவை. இஸ்னாதை நோக்கினால் வலுவான அறிவிப்பே. ஆனால் அவருடைய நூலுக்குப் பொருள் இராணுவச் சட்டம்; எரிந்த கடைகள் அதற்குப் பொருளல்ல. உலகம் அந்நூலையே படித்தது. நாளடைவில் 1915 என்றால் ஆங்கிலேயன் சிங்களவரைச் சுட்ட ஆண்டு என்றே பாடப்புத்தகங்களிலும் மேடைகளிலும் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஒன்பது நாட்கள் முகவுரையாகச் சுருங்கின. பேதிரிஸுக்குக் கொழும்பில் சிலை உண்டு. அது பொருத்தமே, அந்த இளைஞர் அநியாயமாகக் கொல்லப்பட்டார். எரிந்த கடைக்காரருக்கோ கிடைத்தது, கலவரம் நடந்த வட்டாரத்துச் சிங்களவரிடம் அரசு கட்டாயமாக வசூலித்துக் கொடுத்த நட்டஈடு மட்டுமே. அந்த வசூலே அயலாரிடையே புதிய பகையை விதைத்தது.

ஏடில்லாத சமுதாயம் அரசாங்கத்தின் நிழலை நாடும். இலங்கை முஸ்லிம் தலைவர்கள் அதன்பின் நெடுநாள் தேசியக் கிளர்ச்சிகளில் முன்னிற்கவில்லை. தனிப் பிரதிநிதித்துவத்தைப் பற்றிக்கொண்டனர். அவர்களைக் குறைகூறும் வரலாற்றாசிரியர்கள் 1915ஐ மறந்துவிட்டே குறைகூறுகின்றனர். 1888இல் நீங்கள் தமிழரே என்று சொன்ன ஒருவர், 1915இல் தங்கள் கடையை எரித்தவர்களுக்காக வாதாடினார் என்ற எண்ணம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே விழுந்த விரிசலை ஆழப்படுத்தியது. பொருளாதாரக் காரணங்களை முன்வைத்து அமீர் அலி அவர்கள் 1981இல் இக்கலவரத்தை மறு ஆய்வு செய்தார். அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்தே முஸ்லிம் ஆய்வாளர் ஒருவரின் அத்தகைய எழுத்து கிடைத்தது. கல்வித்துறையில் மட்டும் ஒரு விழிப்பு முன்னரே தோன்றிற்று. 1921இல் டி. பி. ஜாயா அவர்கள் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் பொறுப்பேற்று அதனை உயர்த்தியதை இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

பட்டவனே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. அடிமையாகப் பிறந்து ஆசிரியையாகிப் பின்னர்ப் பத்திரிகை நடத்திய கறுப்பினப் பெண்மணி ஐடா பி. வெல்ஸ், மெம்பிஸ் நகரில் ஃப்ரீ ஸ்பீச் என்னும் ஏட்டின் பங்குதாரராக இருந்தார். 1892 மார்ச்சில், மளிகைக்கடை நடத்திய கறுப்பர் மூவரை வெள்ளையர் கூட்டம் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. அவர்களுடைய கடை, அண்டையிலிருந்த வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக வளர்ந்தது. கண்டிக் கடைத்தெருவை நினைவூட்டவில்லையா? ஐடா எழுதினார். மே மாதத்தில் அவருடைய அச்சுக்கூடம் அழிக்கப்பட்டது. அவர் ஊரைவிட்டு வெளியேறி எழுதுவதைத் தொடர்ந்தார். 1895இல் வெளியிட்ட நூலில் அவர் கையாண்ட முறை முஹத்திஸ்களுக்கும் உவப்பானது. கறுப்பர் கணக்கை எவரும் நம்பமாட்டார்கள் என்றறிந்து, வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் நாளேடு அச்சிட்ட புள்ளிவிவரங்களையே எடுத்து, கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொய் என்று காட்டினார். எதிரியின் ஒப்புதலே மிக வலுவான சாட்சி அல்லவா? ஆனால் இத்தகைய கூட்டக் கொலைகளைத் தனிக் குற்றமாக்கும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் 2022 மார்ச் மாதத்தில்தான் இயற்றப்பட்டது. இடையே 130 ஆண்டுகள் கழிந்தன. செய்தி வந்தவுடன் நீதி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இவ்விடைவெளியை மனத்திற் கொள்க.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வேட்டையாடப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. தமிழகமே கொதித்தெழுந்தது. அகதிகள் இராமேசுவரக் கரையில் வந்திறங்கினர். எங்கள் வட்டாரத்தை ஒட்டிய கும்மிடிப்பூண்டியிலும் பின்னர் முகாம் எழுந்தது. இன்றும் அங்கே மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழகத்து ஏடுகள் அந்நாளில் ஆற்றிய பணி பெரிது. அதே ஏடுகள் ஏழாண்டுகளுக்குப் பின் என்ன செய்தன? 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழே தாய்மொழியாகக் கொண்ட இம்மக்களின் துயரம், 1983இன் துயரம் பெற்ற இடத்தைத் தமிழகத்து ஏடுகளில் பெறவில்லை என்பதே நம் கருத்து. செய்தவரும் தமிழ் பேசுபவர், பட்டவரும் தமிழ் பேசுபவர் என்னும்போது எழுதுகோல் தயங்கிற்று. புத்தளத்து ஓலைக்கொட்டகைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அவர்களுக்காக இக்கரையில் வண்டியிழுத்தவர் எவருமில்லை.

அச்சுக்கூடத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்ட காலத்துக்கு வருவோம். 2014 ஜூன் 15ஆம் நாள், பொது பல சேனாவின் கூட்டத்துக்குப் பின் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது, இலங்கையின் பெரிய ஏடுகளும் தொலைக்காட்சிகளும் தயங்கி நின்றன. அடிபட்டவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களே உலகுக்குச் செய்தி கொடுத்தன. பட்டவன் கைக்கு ஏடு வந்துவிட்டது என்று அன்று பலர் மகிழ்ந்தனர். நான்கே ஆண்டுகளில் அந்த மகிழ்ச்சி கலைந்தது. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி முகநூலில் பரவிற்று. மார்ச் தொடக்கத்தில், முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்ததும், கண்டிக்கு அருகே திகன, தெல்தெனியாப் பகுதியில் தீ மூண்டது. தாக்கியவர்களைச் சட்டம் தண்டிக்கட்டும். அவர்கள் செய்தது குற்றமே. அதற்காக ஊர்ப் பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் இளைஞர் ஒருவர் மாண்டார். அரசு நெருக்கடி நிலையை அறிவித்து முகநூலை ஒரு வாரம் முடக்கிற்று. தம் தளம் பகையை வளர்க்கத் தவறாகப் பயன்பட்டதற்கு 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. லக்மின போன்ற ஏடுகள் எவரிடமும் மன்னிப்புக் கேட்டதாக வரலாறில்லை. அந்த அளவில் இது முன்னேற்றம் எனலாம். ஆனால் 1915இல் தொடங்கிய அதே கண்டி மாவட்டத்தில், நூற்றிமூன்று ஆண்டுகள் கழித்தும் சாம்பல் அள்ள நேர்ந்தது.

2020இல் பெருந்தொற்று வந்தது. நம் நாட்டில் டெல்லி தப்லீக் மர்கஸில் கூடியவர்களைப் பல தொலைக்காட்சிகள் நோய் பரப்பும் சதிகாரராகச் சித்திரித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று தீர்ப்பில் கூறியது. தீர்ப்புக்குக் கிடைத்த இடம், பழிச்சொல்லுக்குக் கிடைத்த இடத்தில் எவ்வளவு என்பதை வாசகர்களே அறிவர்.

இலங்கையிலோ, நோயால் இறந்தவர்களை எரித்தே தீரவேண்டும் என்று விதி செய்தனர். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் தகனம் செய்யப்பட்டன. 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான பச்சைக் குழந்தையின் உடல் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அதை முதலில் சொன்னவர் குழந்தையின் தந்தையே. இடையே வேறு ராவி இல்லை. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்களோடு பௌத்தரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் வந்து கட்டினார்கள். இரவில் அவற்றை அகற்றினார்கள், மறுநாள் மீண்டும் கட்டினார்கள். வேலியின் படம் உலக ஏடுகளில் வந்தது. ஜெனீவாவில் மனித உரிமைக் கழகம் கூடியது, பாகிஸ்தான் பிரதமர் கொழும்பு வந்து சென்றார், முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பு பேசிற்று. 2021 பிப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கோரியது.

விதி மாறிய பின் அடக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம் கிழக்கே ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகர். 2021 மார்ச் முதல் தீவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. முஸ்லிம்களோடு பிற சமயத்தவர் சிலரும் அந்த மணலில் அடங்கியிருக்கின்றனர்.